சார்ஜ் ஏற்றும் ஆப் யார் போனில் இருக்கிறது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பேரும், பேட்டரி மேல் ஒட்டுகிற தேதியும்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இந்தக் கடைக்கு வந்தது இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு. கேனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். ஆம்பளை ஆள் போய் மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். நான் போனால் கதவைத் திறப்பார்கள். அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி வந்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போக வந்தபோது, எங்கள் ஃபோர்மேன் அண்ணன்தான் நிறுத்தினார்.

"எங்க போறே அம்மிணி? இனிமேத்தான் உனக்கு வேலையே. இந்தப் பேட்டரிக்குத் தண்ணி வேண்டாம். நேரம் சொல்லோணும்."

உங்களுக்கு இது தெரிந்த சங்கதி. இப்போதைய மீட்டரில் கரண்டுக்கு நேரத்துக்கு ஒரு விலை. வெயில் நன்றாக அடிக்கிற நேரத்தில் விலை குறைவு. பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் போடுகிற நேரத்தில் கூடுதல். விலை குறைந்த நேரத்தில் பேட்டரி தானாக நிரம்ப வேண்டும், கரண்டில் ஓடுகிற கார் இருந்தால் அதற்கும் தானாக ஏற வேண்டும். விலை கூடும்போது தானாக நின்று, வீடு பேட்டரியில் ஓட வேண்டும். போனில் ஒரு தடவை போட்டு விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் அந்த வீடு எப்போது எழுந்திருக்கிறது, எப்போது மோட்டார் போடுகிறது, என்றைக்கு மாவு ஆட்டுகிறது, கார் எப்போது போய் எப்போது வருகிறது என்று ஒருத்தர் கேட்டு வர வேண்டும். அந்தக் கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். பேசவே கூச்சப்படுகிறவளிடம் கேட்கிற வேலை. "கூச்சப்படறவதான் பதிலு வர்ற வரைக்கும் சும்மா இருப்பா" என்றார் அண்ணன்.

யாரைக் கேட்பது என்பதுதான் இந்த வேலையில் பெரிய சங்கதி. அதற்கு ஒன்று சொல்கிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீடு. பேட்டரியும் கார் சார்ஜரும் ஒன்றாக வைத்துக் கொடுத்தோம். மதியம் நிரம்பும்படி நேரம் போட்டது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் பேட்டரி காலி, காரும் காலி. கடைக்காரர் போன் போட்டுத் திட்டினார். எலெக்ட்ரீசியன் பிரபு இரண்டு தடவை போய் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று வந்தார். மூன்றாவது தடவை ஃபோர்மேன் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போய் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரரின் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, படுக்கப் போவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சுவிட்சாக அமர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில் எங்கள் பெட்டியின் சுவிட்சையும் டப்பென்று அமர்த்தினார்.

"இது எதுக்குங்க அமத்தறீங்க?" என்றார் அண்ணன்.

"ஆளில்லாத எடத்துல செவப்பு லைட்டு எரியுது. கரண்டு என்ன சும்மாவா வருது?" என்றார் பெரியவர்.

சங்கதி தெரிந்து மகன் கடையிலிருந்து ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "எத்தன தடவப்பா உனக்குச் சொல்றது?" என்று கத்தினார். பெரியவருக்கு முகம் சுருங்கிப் போனது. அண்ணன் மகனைக் கையமர்த்திவிட்டு, உள்ளே சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் கேட்டு வாங்கினார். சுவிட்சு மேல் ஒரு பொட்டு வைத்தார். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "நாம மகனைக் கேட்டு நேரம் போட்டோம். மகன் பகலெல்லாம் கடையில இருக்கறான். பகல்ல ஊட்டுல இருக்கறவரை ஆரும் கேக்கலை. தப்பு சுவிட்சுல இல்லை."

இவ்வளவு தெரிந்த மனிதர். அவரும் ஒரு வீட்டில் தப்புச் செய்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். குறை சொல்வதற்காக இல்லை. அவர் அன்றைக்குச் செய்ததைத்தான் நல்ல மனிதர் யாரும் செய்வார்கள். அதனால்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு வீடு. வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்திருப்பவர். போர் போடுகிற வண்டி ஒன்று, கம்ப்ரஸர் லாரி ஒன்று. இரண்டும் வடக்கே போனால் மழை பிடிக்கும்வரை ஊர் திரும்பாது. அவரும் வண்டியோடு போய்விடுவார். வீட்டில் அவர் மனைவி சுமதி, அம்மா பாவாயம்மாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பேட்டரியும் கார் சார்ஜரும் மாட்டப் போனபோது வண்டி ஊரில் நின்றிருந்ததால் அவரும் வீட்டில் இருந்தார்.

நல்ல மனிதர். எங்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்தார். சுமதிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான். பிரபு ஆப்பைக் காட்டிச் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒரு தடவை சொன்னதை அவர் திருப்பி எங்களுக்கே சொன்னார். எந்த நேரத்தில் ஏறுகிறது, எவ்வளவு ஏறியது, எப்போது நிறுத்த வேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எப்படி அளவு வைப்பது, எல்லாம் எங்கே இருந்தாலும் போனிலேயே பார்க்கலாம், போனிலேயே மாற்றலாம் என்றதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இது மாதிரி ஒண்ணு என்ற வண்டிக்கு இருந்திருந்தா நான் எதுக்குங்க வெயில்ல காயறேன்? டீசல் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்கறேன்."

ரிக் தொழிலில் அது வழக்கம். இத்தனை அடிக்கு இத்தனை டீசல் என்று முதலாளி அளந்துதான் கொடுப்பார். அளக்காமல் விட்டால் வண்டி ஓடிய கணக்கு ஒன்றாகவும் டீசல் போன கணக்கு ஒன்றாகவும் இருக்கும் என்பார்கள். அளக்கிறவர்தான் தொழிலில் நிற்பார். நாங்களும் அவரோடு சேர்ந்து சிரித்தோம்.

நான் சமையல்கட்டில் சுமதியிடம் வீட்டு நேரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கார் எப்போது போகும் என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும், கூட்டிவரப் போகும் என்றாள். அவ்வளவுதான். போன் அவர் போன். ஆப் அவர் போனில் ஏறியது. மாட்டினோம், கும்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறகு வண்டி வடக்கே போய்விட்டது.

சில மாதம் கழித்துப் பேட்டரியைப் பார்த்துவர நானும் பிரபுவும் போனோம். பிரபு வெளியே பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். கட்டில் முழுக்கப் பட்டுச் சேலை. பாவாயம்மாள் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, ஊட்டுல கல்யாணமுங்களா?" என்றேன்.

"கல்யாணமெல்லாம் இல்ல அம்மிணி, யாவாரம்" என்றார் பாவாயம்மாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "மருமவ கார எடுத்துட்டு அம்மாபேட்டைக்குப் போயி, தறிக்காரங்க ஊட்டுலயே பாத்து எடுத்துட்டு வாரா. நானும் கூடவே போறேன். முன் சீட்டுல உக்காந்து கண்ணாடிய எறக்கி உட்டா, அந்தக் காத்து இருக்குதே! இத்தன வருசம் எம் மவன் லாரில போற காத்தையெல்லாம் அவன் ஒருத்தனே குடிச்சுப்போட்டான்."

சுமதி சிரித்தாள். "நீங்க சும்மா இருங்கத்தே."

பிறகு என்னிடம் சொன்னாள். சேலையைத் தறிக்காரர்கள் நம்பிக்கையில் கொடுக்கிறார்கள். விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போனில் போட்டோ அனுப்பினால் பெண்கள் பார்ப்பார்கள், எடுக்க மாட்டார்கள். பின்னால் டிக்கியைத் திறந்து, கையில் கொடுத்து, தோளில் போட்டுக் காட்டினால்தான் எடுப்பார்கள். ராசிபுரம் வரைக்கும் சேலை வாங்குகிற வீடுகளைப் பிடித்து வைத்திருந்தாள். கார் இல்லாமல் இது ஓடாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எத்தனை வீடு ஏறி இறங்குவது?

"ஒரு தொந்தரவு இருக்குதுங்க்கா" என்றாள். "ஒரு நாளைக்கு இவ்ளோதான் ஏறோணும்னு அவரு அங்கிருந்தே அளவு வெச்சுட்டாரு. பள்ளிக்கூடத்துக்கு அது போதும். சேலத்துக்கு ஒருக்காப் போயிட்டு வந்தா, மறுக்கா நெறையறதுக்கு வாரம் ஆயிருது. மத்தியானம் வெல கம்மியா இருக்கற நேரத்துல இன்னுங் கொஞ்சம் ஏத்திக்கிட்டா என்னங்க்கா? அந்த ஆப்ப என்ற போன்லயும் போட்டுக் குடுக்க முடியுமுங்களா?"

நியாயமான கேள்விதான். "அவருகிட்டச் சொல்லிப் பாத்தீங்களா?" என்றேன்.

"கத்தற ஆளு இல்லீங்க்கா. கேள்வி கேக்கற ஆளு. எதுக்கு, எங்க, ஏன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. நான் பதிலு சொல்றதுக்குள்ள எனக்கே யாவாரம் வேண்டாம்னு ஆயிரும். மழை புடிச்சு வண்டி ஊருக்கு வரட்டும். அதுக்குள்ள நின்னுருச்சுன்னா சொல்ல வேண்டியதில்ல. ஓடிருச்சுன்னா, இந்தாங்க இத்தன பேரு எங்கிட்ட எடுக்கறாங்கன்னு கையோட காட்டிருவேன். காட்டினா அவரு ஒத்துக்குவாரு. ஓடற தொழில நிறுத்தற ஆளு இல்ல."

அவள் கண்ணில் பயம் இல்லை. திட்டம் இருந்தது. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஆப் மட்டும்தான் வேண்டும்.

ஆனால் இன்னொரு போனில் ஆப்பைச் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் வைத்திருப்பவர் போனுக்கு ஒரு எண் வரும். அவர் அதைச் சொன்னால்தான் சேரும். அவளுக்கு அது தெரியாது. அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் அன்றைக்கு நாமக்கல்லில் ஒரு வேலை முடித்துவிட்டு, ஹைவேயில் ஒரு டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சேலை வியாபாரத்தைச் சொல்லவில்லை. அது என்னை நம்பிச் சொன்னது. அந்தம்மா போனிலும் ஆப் வேண்டும் என்கிறார், அளவு பற்றவில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

பிரபு உடனே வழி சொன்னார். "வெளியில ஒரு ப்ளக் பாயிண்ட் வெச்சு உட்ருலாமுங்ண்ணா. காரோட வந்த சின்ன சார்ஜர் அதுல ஏத்தும். மெதுவாத்தான் ஏறும். ஆனா ஆப்புக்குத் தெரியாது."

"ஆப்புக்குத் தெரியாது. மீட்டருக்குத் தெரியுமில்ல?" என்றார் அண்ணன். "நாளைக்குக் கரண்டு கூடப் போயிருக்குதுன்னு பில்லு வரும். அப்ப அந்த மனுசன் ஆரைக் கேப்பான்? உன்னையவா? அந்தப் புள்ளையத்தான் கேப்பான். திருட்டு வழி காட்டி அதைத் திருட்டுப் பட்டம் வாங்க வெக்கறதா?"

சரியாகத்தான் சொன்னார். டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு சொன்னார்: "கார் ஓட்டற ஆளு ஆப்பு கேக்கறது நியாயம். நியாயமானதை எதுக்கு மறைக்கோணும்? நாம கடைக்காரங்க. நேரா அவருகிட்டக் கேட்டுருவோம். நாம கேட்டா அது தொழிலு."

மழை வரட்டும் என்று அவள் சொன்னது காதில் இருந்தது. ஆனால் வியாபாரத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"சொல்லுங்க ஃபோர்மேன்!" ரிக்குக்காரர் கத்திப் பேசினார். பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம். "உங்க மிசினு சும்மா அருமையா இருக்குதுங்க. இங்க எல்லார்த்துக்கும் போன்ல காட்டிக்கிட்டுத் திரியறேன்."

"ரொம்பச் சந்தோசமுங்க. ஒண்ணுமில்ல, ஊட்டம்மா போன்லயும் அந்த ஆப்பப் போட்டுக் குடுத்தர்லாம்னு. ஒரு நம்பரு வரும் உங்களுக்கு, அதச் சொன்னீங்கன்னா போதும்."

சத்தம் குறைந்தது. அவர் வண்டியை விட்டுத் தள்ளி நடந்து வந்திருக்க வேண்டும்.

"ஆருங்க கேட்டது? நீங்களா, அவளா?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். "அவங்கதானுங்க கேட்டாங்க. கார் ஓட்டறது அவங்கதானுங்களே?"

"எதுக்குன்னு சொன்னாளா?"

"அளவு பத்தலையாமுங்க."

"பள்ளிக்கோடத்துக்கு நான் அளந்துதானுங்களே வெச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு உதைக்கிற ஆள் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். "சரிங்க. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டார். எண் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாவாயம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரிக்குக்காரர் அங்கே உட்கார்ந்து ஆப்பில் பழைய நாள்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்த்திருக்கிறார். சில நாள் கொஞ்சமே ஏறியிருக்கிறது. சில வாரம் மட்டும் தினமும் வைத்த அளவு முழுக்க ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடம் தள்ளியா போய்விட்டது? அன்று பொழுதோடு வீட்டுக்குப் போன் போட்டார். பாவாயம்மாள் முந்திக்கொண்டு எடுத்தார்.

"நாந்தாண்டா சாமி கோயிலுக்கு இட்டுட்டுப் போவச் சொன்னேன். உன்ற வண்டிக்குத்தான் வேண்டிக்கிட்டேன்."

"எந்தக் கோயலும்மா?"

"எல்லாக் கோயலுந்தான்."

"கோயலுக்கு இத்தன கரண்டு ஆவுமாம்மா? வாராவாரம் பழனிக்கா போனீங்க?"

போனைச் சுமதி வாங்கினாள். காட்டிச் சொல்ல வேண்டும் என்று அவள் வைத்திருந்த அத்தனையையும், காட்டுவதற்கு ஒன்றும் கையில் இல்லாமல், அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதிலாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் எதற்குப் பயந்தாளோ அது.

மழை பிடித்தது. வண்டி ஊர் திரும்பியது. கொஞ்ச நாளில் கடைக்குப் போன் வந்தது. கார் சார்ஜரைக் கழற்றித் திருச்செங்கோட்டில் அவர்கள் ரிக் நிறுத்துகிற யார்டில் மாட்ட வேண்டும் என்றார்கள். கார் இனிமேல் அங்கே அவர் தம்பியிடம் நிற்குமாம்.

அண்ணன், பிரபு, நான் மூன்று பேரும் போனோம். நான் போக வேண்டிய வேலை இல்லை. அண்ணன் வரச் சொன்னார். அவருக்குத் தனியாகப் போக மனமில்லை என்று நினைக்கிறேன்.

ரிக்குக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார். "நல்லவேளைங்க ஃபோர்மேன், நீங்க போன் போட்டுச் சொன்னீங்க. இந்தக் காலத்துல இப்படி நேர்மையான கடை ஆருங்க?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊட்டம்மாவுக்குக் கார் வேண்டாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணுங்கறப்பத் தம்பி வந்து இட்டுட்டுப் போவான். யாவாரம் செய்யறது தப்புன்னு நான் சொல்லலீங்க. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே அளவக் கூட்டி வெச்சிருப்பேன். வெளி ஆளுகிட்டப் போயிக் கரண்டு கேக்கற மாதிரியாங்க நான் ஊட்ட வெச்சிருக்கறேன்?" அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அவருக்கும் அடி பட்டிருந்தது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அடியைக் கொடுத்தது சுமதி இல்லை. நாங்கள் போட்ட போன்.

பாவாயம்மாள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை.

"ஏனுங்க, செவுத்துல ஒரு பொட்டியப் புடுங்கறதுக்கு இத்தன பேரா?" என்றார். "மாட்டறதுக்கும் வந்தீங்க, புடுங்கறதுக்கும் வாரீங்க. நடுவுல ஒரு நா அந்தப் போனப் போடாம சும்மா இருந்திருந்தா, எந்த ஊடு இடிஞ்சிருக்கும்?"

"அம்மா!" என்று அதட்டினார் மகன்.

"என்னடா அம்மா? கீரையக் கூட அளந்து உருவோணுமா?" என்றார் அவர்.

பிரபு சார்ஜரைக் கழற்றினார். சுமதி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலில் சேலை இல்லை. தறிக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே என் பக்கம் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க" என்றாள்.

நான் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். சொல்ல முடியவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். சார்ஜர் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் தெரிந்தன.

"அந்த ஓட்டைய அடச்சுட்டுப் போயிருங்க்கா. குளவி கூடு கட்டிரும்."

பிரபு சுவருக்குப் பூசுகிற பட்டியைக் குழைத்து அடைத்தார். சுமதி கீழே விழுந்த சுண்ணாம்புப் பொடியைக் கூட்டி அள்ளினாள்.

திரும்பி வரும்போது வேனில் ராசிபுரம் பிரிவு தாண்டிய பிறகு அண்ணன் கேட்டார்: "நான் எங்க தப்புப் பண்ணினேன் அம்மிணி? திருட்டு வழியும் போகலை. பொய்யும் சொல்லலை. கேக்க வேண்டிய ஆளத்தான் கேட்டேன்." அதற்குப் பதிலை அவரே ரொம்ப நாள் கழித்து ஒருநாள் கடையில், வேறு ஏதோ வேலையின் நடுவில் நிமிர்ந்து சொன்னார்:

"பூட்டு வாங்கறப்ப ரெண்டு சாவி குடுத்தா எதுக்குன்னு ஆரும் கேக்கறதில்ல. பூட்டி அஞ்சாறு மாசம் கழிச்சு ஒருத்தி எனக்கொரு சாவி வேணும்னு கேட்டாத்தான், எதுக்குன்னு கேப்பாங்க. நாம மொத நாளே ரெண்டு போன்லயும் ஏத்திக் குடுத்திருந்தா அது வெறும் வேலை. அப்பறமாக் கேட்டதுனால அது புகாராப் போச்சு."

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மாட்டுகிற அன்றைக்கே, காரை ஓட்டுகிறவர் போன், வீட்டில் இருக்கிறவர் போன் என்று எல்லாவற்றிலும் ஆப்பை ஏற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். கேட்டு ஏற்றுவதில்லை. "அம்மிணி, உங்க போனும் குடுங்க" என்று கையை நீட்டிவிடுவார். என்னமோ மிஷின் ஓட அது தேவை என்பதுபோல். யாரும் மறுத்ததில்லை என்று சொல்ல முடியாது. அந்த ரிக்குக்காரர் எங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிச் சொல்லி, திருச்செங்கோட்டுப் பக்கம் நிறையப் பேர் எங்கள் கடையைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் சிலர், என் போனில் மட்டும் போதும் என்றார்கள். அண்ணன் அந்த வேலையை எடுக்கவில்லை. கடை முதலாளி சத்தம் போட்டார். அண்ணன் அசையவில்லை. ஆனால் புதுச்சத்திரம் பக்கம் வேலை என்றால் பிரபுவை அனுப்பிவிட்டு அவர் கடையிலேயே இருந்துகொள்வார். கெங்கவல்லியில் மக்காச்சோளக் காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று வேலையை விட்டுப் போனபோதும், எல்லோரிடமும் நன்றாகப் பேசிவிட்டு, என்னிடம் மட்டும் "அந்தப் புள்ள நம்மளப் பத்தி என்ன நெனச்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நீங்கள் எல்லாம் படித்த பிள்ளைகள். நேரம் போடுவதும் அளவு வைப்பதும் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நூறு மடங்கு தெரியும். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை மிச்சம் பிடிக்கத்தான் நாம் நேரமும் அளவும் வைத்துக் கொடுக்கிறோம். அந்த அளவு எந்த வீட்டில் யார் காலுக்கு அளவாகும் என்று மாட்டுகிற அன்றைக்கு நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் அன்றைக்கே எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு பெண் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது கேட்டால், வீட்டுக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால், போடலாமா, எப்போது போடலாம் என்று அவளையே ஒரு தடவை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. மழை வரும்வரைதான் அவள் பொறுக்கச் சொன்னாள்.

எழுதியதில் தவறு இருக்கும். கரண்டு விலை எந்த நேரத்தில் குறையும், எந்த நேரத்தில் கூடும் என்பது இப்போது மாறியிருக்கலாம். இன்னொரு போனில் சேர்க்க இப்போதும் அந்த எண் கேட்கிறதா, வேறு வழி வந்துவிட்டதா என்றும் எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்த யாராவது இதைப் படித்துச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துச் சொன்னால் நல்லது. ரிக்குக்காரரின் தம்பி புதுக் கார் வாங்கிவிட்டதாக யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் பழைய கார் புதுச்சத்திரத்துக்கே திரும்பி வந்திருக்கலாம். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குள் போக வேண்டாம், என் பேரையும் சொல்ல வேண்டாம். ரோட்டிலிருந்தே எட்டி, வாசலில் கார் நிற்கிறதா, டிக்கியில் சுமதி மூட்டை ஏதும் ஏற்றுகிறாளா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.